நூற்றிருபது மைக்ரோலிட்டர்

ஆய்வகத்தில் எல்லோரும் அவளைக் கணக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. அவள் வேலை எண்ணுவது. நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்து, வலது கையால் கண்ணாடித் தகட்டை நகர்த்தும் திருகைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் எண்ணும் கருவியின் இரண்டு பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்துவாள். முதிர்ந்த செல்லுக்கு ஒரு பொத்தான், முதிராத செல்லுக்கு ஒரு பொத்தான். இருநூறு ஆனதும் மணி அடிக்கும். நோட்டில் எழுதிவிட்டு அடுத்த தகட்டை வைப்பாள். பன்னிரண்டு வருடமாக இதுதான். வீட்டில் மாமாவையும் தினம் எண்ணிப் பார்ப்பீர்களா என்று யாராவது கேட்டால், ஒருத்தர்தானே, சீக்கிரம் முடிந்துவிடும் என்பாள். அந்தக் கேள்விக்கும் பன்னிரண்டு வயது, பதிலுக்கும் பன்னிரண்டு வயது.

அவள் எண்ணியவை ரத்தப் புற்றுநோய்ச் செல்கள். இளஞ்சிவப்பு நிறத் திரவத்தில், உடம்புச் சூட்டில் வைத்த குடுவைகளில் அவை பெருகிக்கொண்டே இருக்கும். நல்ல வெள்ளையணு பிறக்கும், வளரும், கிருமியை விழுங்கும் வயதுக்கு வரும், தன் வேலையைச் செய்துவிட்டுச் செத்துப்போகும். இந்தச் செல்கள் அப்படி இல்லை. பிள்ளைப் பருவத்திலேயே நின்றுவிட்டவை. வளரத் தெரியாது, பெருகத்தான் தெரியும். ஆனால் சில வேதிப்பொருள்களைக் கொடுத்தால் இவையும் முதிரும். முதிர்ந்த செல் பெருகுவதை நிறுத்திக்கொள்ளும். சில நாளில் வயது முடிந்து தானாகவே சாகும். நஞ்சு கொடுத்துக் கொல்ல வேண்டியதில்லை, வளர்த்துவிட்டால் போதும். அந்த ஆய்வகத்தின் பிழைப்பே இந்த நம்பிக்கையில்தான் ஓடியது.

முதிர்ந்ததா என்று பார்க்க ஒரு மஞ்சள் சாயம் இருக்கிறது. முதிர்ந்த செல் அதைத் தனக்குள் கருநீலப் புள்ளிகளாக மாற்றிவிடும். முதிராதது ஒன்றும் செய்யாமல் வெளுப்பாகக் கிடக்கும். இதை அவள் ஒருநாள் வீட்டில் விளக்கியபோது, மின்தூக்கி பழுதுபார்க்கும் அவள் கணவன் மூட்டுவலிக்கு மருந்து தேய்த்துக்கொண்டே கேட்டான். "அஞ்சு நாள்லே புத்தி வந்துடுமா? அப்ப நம்ம பொண்ணுக்கும் ஒரு சொட்டு எடுத்துட்டு வாயேன்." எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், அப்பாவுக்கு ரெண்டு சொட்டு என்றாள்.

வேதிப்பொருள்களைச் செய்பவர் மூன்றாவது மாடியில் இருந்தார். அதனால் மாடிக்காரர். வயது நாற்பத்தைந்து இருக்கும். ஒரு மூக்குக்கண்ணாடி கண்ணிலும் இன்னொன்று நெற்றிக்கு மேலும் இருக்கும். வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் ஊர் ஊராக ஆய்வகம் மாறி வந்தவர். இங்கே நான்கு வருடத்தில் முப்பத்தாறு தூள்கள் செய்து கீழே அனுப்பினார். முப்பத்தாறும் வீண். முப்பத்தேழாவது வேலை செய்தது. நூறு செல்லில் எழுபது, எழுபத்தொன்று முதிர்ந்தன. தூளுக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு யாருக்கும் துணிச்சல் வரவில்லை, முப்பத்தேழு என்றே அது நிலைத்துவிட்டது. ஆய்வகத் தலைவியான மேடம் அதைப் பற்றி இரண்டு கூட்டங்களில் பேசினார். ஆராய்ச்சி மாணவன் ஒருவன் அதை வைத்துக் கட்டுரை எழுதினான். அவன் படிக்கட்டில் கூட நடந்து போனதை யாரும் பார்த்ததில்லை, ஓடித்தான் போவான். அவனுக்கு அவசரம் என்று பெயர்.

இதெல்லாம் இரண்டு வருடக் கதை. கட்டுரையை அனுப்புவதற்கு முன் தூளைப் புதிதாகச் செய்து ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்றார் மேடம். மாடிக்காரர் பார்த்துப் பார்த்துச் செய்தார். முந்தியதைவிடச் சுத்தம். முந்தியது சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக இருக்கும், இது மாவு போல வெள்ளையாக இருந்தது. ஆனால் வேலை செய்யவில்லை. நூற்றுக்கு எட்டு. மறுபடி செய்தார்கள், ஏழு. ஆறு வாரத்தில் நான்கு முறை செய்தாகிவிட்டது. நான்கு முறையும் கணக்கக்காவின் கருவி முதிராத பக்கத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது.

தூள் கெட்டுவிட்டது என்று மேடம் முடிவு செய்தார். வேறு எப்படி முடிவு செய்வது? செல் அதே செல், கை அதே கை, மாறியது தூள் மட்டும்தானே. அவசரத்தின் கட்டுரை நின்றுபோன கோபம் வேறு. அடுத்தவர் காதில் விழும்படியே அவன் சொன்னான்: "முப்பத்தாறு தடவை தப்பாப் பண்ணினவர், முப்பத்தேழாவது தடவை எப்படியோ தப்பித் தவறிச் சரியாப் பண்ணிட்டாரு. திரும்பப் பண்ணத் தெரியலை." மாடிக்காரரின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. திங்கட்கிழமை அவரைக் கூப்பிட்டு, இனிப் புதுப்பிக்கப்போவதில்லை என்று கடிதம் கொடுப்பதாகப் பேச்சு. அதே மேசையில் இன்னொரு தாளும் கிடந்தது. அது கணக்கக்காவை நிரந்தரமாக்கும் தாள். பன்னிரண்டு வருடம் கழித்து, மேடத்தின் ஒரு கையெழுத்து மட்டும் பாக்கி.

அந்தத் திங்களுக்கு முந்தின திங்களன்று அவள் மாதாந்தரத் தேவைச் சீட்டை நிரப்பிக்கொண்டிருந்தாள். கையுறை, முனைக்குழல், சாயம் என்று வரிசையாக அலமாரியைத் திறந்து பார்த்துக் குறித்தாள். கரைப்பான் பாட்டில் வந்தது. டி.எம்.எஸ்.ஓ. என்பார்கள். தூளை நேரே செல்லில் கொட்ட முடியாது, இதில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். கையில் பட்டால் கொஞ்ச நேரத்தில் வாயில் பூண்டு வாடை வரும் விசித்திரமான திரவம். ஆறு வாரத்துக்கு முன் திறந்த பாட்டில். இந்நேரம் பாதியாகியிருக்க வேண்டும். தூக்கினால் கனமாக இருந்தது. கிட்டத்தட்ட முழுசாக இருந்தது.

ஏன் தீரவில்லை என்று அவள் நின்று யோசித்தாள். பிறகு உட்கார்ந்து யோசித்தாள். பழைய தூள் கரையாது. அதனால் நிறையக் கரைப்பான் ஊற்ற வேண்டியிருந்தது. புதுத் தூள் ஒரு சொட்டிலேயே கரைந்துவிடுகிறது. அதனால் அவள் பழைய முறைக்குத் திரும்பியிருந்தாள். ஒரு குடுவைக்குப் பத்து மைக்ரோலிட்டர், குண்டூசித் தலை அளவு. அதற்கு முன் இரண்டு வருடமாக எவ்வளவு ஊற்றினாள்?

தன் பழைய நோட்டை எடுத்தாள். முப்பத்தேழு முதலில் வந்த வாரம். அவள் கையெழுத்திலேயே இருந்தது: "தூள் கரையவில்லை. பன்னிரண்டு மடங்கு கரைப்பானில் கரைத்தேன். குடுவைக்கு 120 ஊற்றினேன்."

தூளின் அளவு மாறவில்லை. கரைப்பான்தான் மாறியது. அந்தத் துறைக்கு வந்த எவருக்கும் முதல் மாதத்திலேயே சொல்லிக் கொடுக்கும் விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கரைப்பான் கொஞ்சமாக இருந்தால் சாதுவாக இருக்கும். நூற்றுக்கு ஒரு பங்கைத் தாண்டினால் அதுவே இந்தச் செல்களை முதிர வைத்துவிடும். பழைய செய்தி, எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. குடுவையில் இருப்பது பத்து மில்லிலிட்டர். பத்து மைக்ரோலிட்டர் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு, நூற்றிருபது என்றால் நூற்றுக்கு ஒன்றே சொச்சம்.

இந்தத் தப்பைப் பிடிக்கத்தான் ஒப்பீட்டுக் குடுவை என்று ஒன்று வைப்பார்கள். அதில் தூள் இருக்காது, அதே அளவு கரைப்பான் மட்டும் இருக்கும். ஆனால் தூள் குடுவை இவள் பொறுப்பு, ஒப்பீட்டுக் குடுவை அவசரத்தின் பொறுப்பு. இவள் நூற்றிருபதுக்கு மாறியதை இவள் நோட்டில் எழுதினாள். அவன் தன் நோட்டில் இருந்தபடி பத்தே ஊற்றிக்கொண்டிருந்தான். கரைஞ்சுதா அக்கா என்று அன்றைக்கு அவன் கேட்டதும், கரைஞ்சுது என்று இவள் சொன்னதும் ஞாபகம் வந்தது. அவ்வளவுதான் பேச்சு. ஆறடி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு, இரண்டு வருடமாக ஒருவர் நோட்டை ஒருவர் புரட்டவில்லை.

தன் யூகம் தப்பாகவும் இருக்கலாம் என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். தப்பாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. அன்று மாலையே நாலு குடுவை வைத்தாள். முதலாவதில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் கரைப்பான் பத்து. மூன்றாவதில் கரைப்பான் மட்டும் நூற்றிருபது. நாலாவதில் புதுத் தூள், நூற்றிருபதில் கரைத்தது. யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஐந்து நாளும் மாடிக்காரரைப் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் குனிந்து செருப்பைச் சரிசெய்யும் வேலை வந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருந்தாள். இரண்டு இடத்துக்கும் நடுவில் மூன்று மாடிதான் என்று அறிந்திருக்கவில்லை.

சனிக்கிழமை அரை நாள். மற்றவர்கள் போய்விட்டார்கள். சாயமேற்றிய நாலு தகடுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது ஒரு சங்கடம் வந்தது. எந்தத் தகடு எதுவென்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு எண்ணினால் கண் பொய் சொல்லும். முழுசாகக் கறுக்காமல் அரைகுறையாக நீலம் பூத்த செல் ஒவ்வொரு தகட்டிலும் பத்திருபது இருக்கும். அதை எந்தப் பக்கம் தள்ளுவது என்பது மனசைப் பொறுத்தது. யாராவது கலைத்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று அவள் நிமிர்ந்தபோது, மீதித் தூளைத் திருப்பி எடுத்துப் போக மாடிக்காரர் வந்து வாசலில் நின்றார்.

வேறு யாராக இருந்தாலும் பரவாயில்லை என்று அவள் நினைத்தாள். ஆனால் வேறு யாரும் இல்லை. தகடுகளின் மேல் இருந்த எண்களை மறைத்து ஒட்டி, கலைத்து, அ, ஆ, இ, ஈ என்று எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். எது எது என்பதைத் தனியாக ஒரு காகிதத்தில் குறித்துப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை. முதுகைக் காட்டி நின்று நிதானமாக ஒட்டி எழுதிக் கொடுத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் எண்ணி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கழுத்து மரத்துப்போனது. அவர் நடுவில் ஒருமுறை எழுந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

நூற்றுக்கு இத்தனை என்று எழுதினாள். அ ஐந்து. ஆ எழுபது. இ அறுபத்தெட்டு. ஈ ஆறு.

அவர் காகிதத்தைப் பிரித்தார். "ஆ வந்து நாலாவது. இ மூணாவது." நெற்றிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவள் எழுதியதைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனதை அவள் கவனிக்காமல் இருந்திருக்கலாம், ஆனால் கவனித்தாள். "நாலாவதுலே என்ன இருந்துச்சு? என் தூளா? புதுசா?"

"புதுசுதான். நூத்திருபதுலே கரைச்சது."

"அப்ப வேலை செய்யுதே. மூணாவதுலே பழைய தூளா?"

"மூணாவதுலே தூள் இல்ல. கரைப்பான் மட்டும்."

"எவ்வளவு?"

"நூத்திருபது."

அவர் வேதியியல்காரர். மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் காகிதத்தை நீளவாக்கில் மடித்தார், பிறகு அகலவாக்கில் மடித்தார். தான்தான் மாற்றியதாக, இரண்டு வருடத்துக்கு முன்னால் மாற்றி எழுதியும் வைத்ததாக, ஒப்பீட்டுக் குடுவையில் மாற்றச் சொல்லத் தவறியதாக அவள் வரிசையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அவர் மேல் குற்றமில்லை, தூள் கெடவில்லை, திங்கட்கிழமை மேடத்திடம் சொல்லிவிடுகிறேன் என்றாள். இதைக் கேட்டால் அவர் நிம்மதியாவார் என்று ஐந்து நாளாக நினைத்திருந்தாள். அந்த ஒரு நிம்மதியைத்தான் அவளும் கையில் பிடித்திருந்தாள்.

"அப்ப முப்பத்தேழு ஒண்ணுமே செய்யலையா?" என்று கேட்டார் அவர்.

அவள் எழுபதையும் அறுபத்தெட்டையும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

"கணக்கக்கா, ஒண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க. தூள் கெட்டுப்போச்சுன்னே இருக்கட்டும்."

"உங்களுக்குத்தானே கடிதம் வருது?"

"வரட்டுமே. கெட்டுப்போன தூளைத் திரும்பப் பண்ணிக்கலாம். கை சரியில்லன்னு சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போகட்டும். இல்லாததை எப்படிங்க திரும்பப் பண்றது?"

பிறகு மெதுவாக மற்றதையும் சொன்னார். வேறொரு ஆய்வகத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார். முப்பத்தேழை வைத்துத்தான் போட்டிருக்கிறார். அங்கே கூப்பிடுவார்கள் போலிருக்கிறது. அவர் அம்மாவுக்கு அது மருந்து என்று மட்டும் தெரியும், பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். கடைசியாக, அவளுக்கும் இதனால் நஷ்டம்தானே, மேசையில் அவள் தாள் கிடப்பது எல்லோருக்கும் தெரியுமே என்றார். அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. ஒரே மழையில் நனைகிறவர் குடையைப் பாதி நீட்டுவது போலச் சொன்னார்.

யோசிக்கிறேன் என்று சொல்லி அவள் தகடுகளைப் பெட்டியில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் துணி துவைத்தாள், அடுப்படியைக் கழுவினாள், கழுத்துக்கு ஒத்தடம் கொடுத்தாள். கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அக்கறையாகத்தான் கேட்டான். மின்தூக்கியில் இப்படி நடந்தால் முதலில் வண்டியை நிறுத்திப் பலகை மாட்டுவோம், அப்புறம்தான் யார் தப்பு என்று சண்டை போடுவோம் என்றான். நிரந்தரமாக்கும் தாளை முதலில் வாங்கிக்கொண்டு பிறகு சொன்னால் என்ன என்றும் அவனே கேட்டான். இரண்டும் நல்ல யோசனைதான். ஒன்றோடொன்று சேராது என்பதுதான் சங்கடம். அதற்குள் அவன் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான். ஆறு நாளும் மின்தூக்கிக் குழிக்குள் குனிந்து நின்ற உடம்பு.

அவளுக்கு நியாயம், மனசாட்சி என்றெல்லாம் பெரிய வார்த்தைகள் வரவில்லை. வந்தது கணக்குதான். சும்மா இருந்தால் நாளை என்ன ஊற்றுவது? நூற்றிருபது ஊற்றினால் செல் முதிரும். ஆகா, தூள் சரியாகிவிட்டது என்பார்கள். இன்னும் நிறையச் செய்யச் சொல்வார்கள். அடுத்து எலிக்குப் போடுவார்கள், எலி பொய் சொல்லாது, அங்கே தூள் தோற்கும். பத்து ஊற்றினால் மாடிக்காரர் கைமேல் பழி. ஒவ்வொரு குடுவைக்கும் எது ஊற்றுவது என்று அவளே முடிவு செய்ய வேண்டும், எண்ணுவதற்கு முன்பே விடை தெரிந்த தகட்டை உட்கார்ந்து எண்ண வேண்டும், அதுவும் ஓய்வுபெறும்வரை. பொய்யை ஒருமுறை சொல்லிவிட்டால் முடிந்தது என்று இருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பாள். இதைத் தினமும் பராமரிக்க வேண்டும். அவளுக்கு அதற்குத் தெம்பு இல்லை.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு அவள் தன் நோட்டையும் அவசரத்தின் நோட்டையும் எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனாள். அவசரம் அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். கடிதம் தட்டச்சாகி மேசையில் இருந்தது. கணக்கக்கா உட்காரவில்லை. உட்கார்ந்தால் சுற்றி வளைத்துப் பேசிவிடுவோம் என்று பயம். சனிக்கிழமை எண்ணிக்கையை முதலில் சொன்னாள், பிறகு இரண்டு நோட்டையும் ஒரே தேதிக்குத் திருப்பி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இதில் நூற்றிருபது, அதில் பத்து.

மேடம் குனிந்து படித்தார். அவசரம் முதலில் நோட்டைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். காது சிவந்துவிட்டது. "அக்கா, நீங்க என்கிட்ட சொல்லவே இல்லையே."

"எழுதி வெச்சிருக்கேன் தம்பி."

"எழுதி வெச்சா? நான் எப்படி...?"

"தெரியும். வாயாலயும் சொல்லியிருக்கணும். சொல்லலை."

அவன் மேலும் ஏதோ சொல்ல வந்து, மேடத்தின் விரலைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அந்த விரல் கணக்கக்காவின் நோட்டில், பக்கத்தின் அடியில் போய் நின்றிருந்தது. அங்கே மேடத்தின் கையெழுத்து இருந்தது. ஆய்வக விதிப்படி மாதக் கடைசியில் எல்லா நோட்டிலும் ஒவ்வொரு பக்கத்தையும் தலைவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மேடம் இட்டிருந்தார். பக்கத்தைப் புரட்டினார், அங்கும் இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. இரண்டு வருடம் ஒரு பக்கம் விடாமல் அழகான சாய்ந்த கையெழுத்து. அவசரத்தின் நோட்டிலும் அதே மை.

கதவைத் தட்டிக்கொண்டு மாடிக்காரர் வந்தார். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மேசையில் விரிந்து கிடந்த இரண்டு நோட்டையும் கண்டதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கணக்கக்காவை அவர் பார்க்கவே இல்லை.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழவில்லை, களைப்பு. அவருக்கும் அறுபது ஆகப்போகிறது. தூள் பற்றித் தான் சொன்னது தப்பு என்று நேராகவே ஒப்புக்கொண்டார். "உங்க தூள் நல்லாத்தான் இருந்திருக்கு. மன்னிச்சுக்குங்க."

"நல்லாத்தான் இருக்கு மேடம்," என்றார் மாடிக்காரர். "சுத்தமா இருக்கு. ஒண்ணும் செய்யாது, அவ்வளவுதான்."

அதன் பிறகு நடந்தது எல்லாம் நிர்வாகம். கடிதம் கிழிக்கப்பட்டது. ஒப்பந்தத்தை மேடம் ஆறு மாதம் நீட்டித்தார். ஒரு வருடம் கேட்க ஆதாரமில்லை, ஏனென்றால் ஆதாரம் முப்பத்தேழுதான். கட்டுரை அனுப்பப்படவில்லை. இரண்டு கூட்டங்களிலும் பேசியதைத் திருத்தி எழுத வேண்டும், அதைத் தானே செய்வதாக மேடம் சொன்னார். கணக்கக்காவின் தாளை எடுத்து ஒருமுறை படித்தார். இவ்வளவு பெரிய பிழை பதிவாகும் வருடத்திலேயே இதையும் அனுப்பினால் மேலே கேள்வி கேட்பார்கள், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். பிழையை எழுதி வைத்தவளுக்குத் தாள் தள்ளிப்போனது, கையெழுத்திட்டவருக்கு நாற்காலி அப்படியே இருந்தது. இதை அறையில் இருந்த நால்வரும் உணர்ந்தார்கள். மேடமும் உணர்ந்தார், அதனால்தான் அவர் அவளை நிமிர்ந்து பார்க்காமல் தாளை இழுப்பறைக்குள் வைத்தார்.

கீழே வந்து வேலையைத் தொடங்கினார்கள். அவசரம் அன்று ஓடவில்லை. இரண்டு வருடத்துப் பரிசோதனைகளில் எவற்றைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று பட்டியல் எழுதினான். முதல் பக்கம் நிரம்பியதும் பேனாவை வைத்துவிட்டு, சாப்பிட்டீங்களா அக்கா என்று கேட்டான். அவன் அவளை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. இல்லை என்றாள். இருவரும் தங்கள் டப்பாக்களைத் திறந்து சாப்பிட்டார்கள்.

மாலை ஐந்தரைக்குப் பேருந்து நிறுத்தத்தில் மாடிக்காரர் நின்றிருந்தார். அவளுக்கும் அதே பேருந்துதான். வேறு நிறுத்தத்துக்கு நடக்கலாமா என்று யோசித்தாள். கால் ஒத்துக்கொள்ளவில்லை. போய்ப் பக்கத்தில் நின்றாள். வெகு நேரம் இருவரும் வண்டி வரும் திசையையே பார்த்தார்கள்.

"நான் சொன்னதைக் கேட்டிருக்கலாம் நீங்க," என்றார் அவர்.

"கேட்டிருக்கலாம்."

"அந்த ஆய்வகத்துக்கு இன்னிக்கே எழுதிப் போட்டுட்டேன். முப்பத்தேழு இல்லன்னு. இனி கூப்பிட மாட்டாங்க." சொல்லிவிட்டுப் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். "நானா எழுதலைன்னா நீங்க அதையும் கண்டுபிடிச்சிடுவீங்க."

இதில் பாதி குத்தல், பாதி என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். சனிக்கிழமையே கேட்டாயிற்று, திரும்பத் திரும்பக் கேட்டால் அதற்கும் அவரே ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றி மூடிக்கொண்டாள்.

ஒரு பேருந்து வந்தது. அவர்களுடையது இல்லை. கூட்டம் ஏறிப் போனதும் அவர் கேட்டார்: "உங்க தாள்?"

"ஒரு வருஷம் தள்ளிப்போச்சு."

"ம்." கொஞ்சம் பொறுத்து, "அந்தச் சாம்பல் கலர் இருந்துச்சே, முதல்ல பண்ணினது. அது கரையாம இருந்ததுக்கு உள்ளே ஏதோ கலப்பு இருந்திருக்கணும். என்னன்னு நான் பாக்கவே இல்ல. அழுக்குன்னு கழிச்சுட்டு சுத்தமாப் பண்ணினேன். அந்தக் கலப்பைத் தனியாப் பிரிச்சா... ஒண்ணும் இருக்காது. ஆறு மாசம் இருக்கு, சும்மாவும் இருக்க முடியாது." அவர் அவள் பக்கம் திரும்பினார். அன்றைக்கு முதல் தடவையாக. "பிரிச்சுக் குடுத்தா எண்ணித் தருவீங்களா?"

"இந்த மாசம் முடியாது. அடுத்த மாசமும் சந்தேகம்தான். பழசெல்லாம் திரும்பப் பண்ணணும்."

"அதுக்கு அடுத்த மாசம்?"

"எத்தனை தகடு வரும்?"

"பன்னண்டு. கூடப் போனா பதினஞ்சு."

அவள் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். பதினைந்து இருநூறு மூவாயிரம். ஒன்றரை நாள் வேலை, ஒரு கழுத்துவலி.

"குடுங்க," என்றாள். அவர்கள் பேருந்து வந்துவிட்டது. உள்ளே உட்கார இடம் இல்லை. இருவரும் ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.